எது புதையல்?

நுழையும்முன்

மண்ணுக்குள் பொன் மறைந்திருக்கிறது என்னும் கதை இல்லாத ஊர் அரிது. அக்கதைகள் கேட்பதற்குச் சுவையானவை. ஆனால், அவற்றை நம்பிக் கடப்பாரையைக் கையில் எடுக்கும்போது நாம் இழப்பது என்ன? மண்ணிலிருந்து எதைப் பெறுகிறோம், எப்படிப் பெறுகிறோம் என்பதைச் சிந்திக்க அழைக்கிறது இக்கட்டுரை.

ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்று. அதன் சரிவில் ஒரு குகை. போருக்கு அஞ்சிய அரசர் ஒருவர் ஏழு குடம் பொன்னை அங்கே புதைத்துச் சென்றார். அதனைப் பூதம் ஒன்று காத்து நிற்கிறது. உரிய நாளில், உரிய ஆளுக்கு மட்டுமே அது கிட்டும். பெயரையும் இடத்தையும் மாற்றினால், தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்திவிடும் கதை இது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இதனினும் சுவையான ஒன்றைச் சொல்லக்கூடும்.

இத்தகைய கதைகளைப் பழிப்பது என் நோக்கமன்று. அவை ஊரின் நினைவோடு கலந்தவை. இரவு நேரத்துப் பேச்சுக்குச் சுவை கூட்டுபவை. கதையைக் கதையாகக் கேட்பதில் தீங்கில்லை. கதையைச் சான்றாகக் கொண்டு மண்ணைத் தோண்டும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. அந்தத் தீங்கு தோண்டுபவரோடு முடிவதில்லை. அது ஓர் ஊரின் வரலாற்றையே அழித்துவிடுகிறது.

கதையின் வேர்

புதையல் கதை தமிழர்க்குப் புதிதன்று. பாடலிபுத்திரத்தை ஆண்ட நந்தர்கள் தம் பெருஞ்செல்வத்தைக் கங்கையாற்றின் நீருக்கடியில் மறைத்து வைத்தனர் என்னும் செய்தியை அகநானூற்றில் மாமூலனார் குறிப்பிடுகிறார். பொருள் தேடிப் பிரிந்து சென்ற தலைவன் இன்னும் திரும்பவில்லையே என வருந்தும் சூழலில் அச்செய்தி இடம்பெறுகிறது. எங்கோ வடபுலத்தில் மறைக்கப்பட்ட செல்வத்தைப் பற்றிய பேச்சு, சங்க காலத்திலேயே தமிழகம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இக்கதைகள் வெறும் கற்பனையிலிருந்து பிறந்தவையும் அல்ல. வங்கிகள் இல்லாத காலத்தில் செல்வத்தைக் காக்க மண்ணே பாதுகாப்பான இடமாக இருந்தது. போர், கொள்ளை, நெடும்பயணம் ஆகியவற்றுக்கு அஞ்சியவர்கள் நாணயங்களைப் பானையில் இட்டுப் புதைத்தனர். புதைத்தவர் திரும்பி வராதபோது பானை மண்ணிலேயே தங்கியது. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் பணியாளர்கள் மண்ணை அகற்றியபோது, கலம் ஒன்றில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. அவற்றின் எடை 1.716 கிலோகிராம்.

ஆகவே, மண்ணுக்குள் பொன் இருப்பதுண்டு. ஆனால், திருவானைக்காவலில் மண்ணை அகற்றியவர்கள் புதையலைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். அவர்களிடம் வரைபடம் இல்லை. அவர்கள் கனவு கண்டதாகவும் சொல்லவில்லை. தம் வேலையைச் செய்தனர். கிடைத்ததை முறைப்படி ஒப்படைத்தனர். கதையை நம்பித் தேடியவர்களின் அனுபவமோ வேறு வகையானது.

கனவும் அகழ்குழியும்

உத்தரப்பிரதேச மாநிலம் உன்னாவ் மாவட்டத்தில் தௌண்டியா கேரா என்னும் சிற்றூர் உள்ளது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட இராவ் இராம்பக்ஷ் சிங் என்பவரின் இடிந்த கோட்டை அங்கே இருக்கிறது. அக்கோட்டைக்கு அடியில் 1000 டன் தங்கம் புதைந்து கிடப்பதாகத் தம் கனவில் அவரே தோன்றிச் சொன்னார் என்று துறவி ஒருவர் 2013ஆம் ஆண்டு அறிவித்தார். செய்தி பரவியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைச் சோதித்து, நிலத்தடியில் உலோகம் இருக்கக்கூடும் என்னும் வகையில் கருத்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது.

தொலைக்காட்சி ஊர்திகள் வரிசையாக வந்து நின்றன. கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவலர்கள் நிறுத்தப்பட்டனர். தின்பண்டக் கடைகள் முளைத்தன. சில வாரங்கள் கழித்துப் பணி நிறுத்தப்பட்டது. தங்கம் கிடைக்கவில்லை. பானை ஓடுகளும் வளையல் துண்டுகளும் செங்கற்சுவரின் பகுதிகளுமே கிடைத்தன. நாடு சிரித்தது; பிறகு மறந்தது.

அந்த அகழாய்வு வீண் என்று பலர் கூறினர். நான் வேறொன்றை எண்ணி வருந்துகிறேன். அந்தச் செங்கற்சுவரை எழுப்பியவர்கள் யார்? அந்த வளையலை அணிந்த பெண் எக்காலத்தில் வாழ்ந்தாள்? ஓர் ஊர் எவ்வாறு வாழ்ந்தது என்பதைச் சொல்லும் பொருள்கள் கிடைத்தபோது, ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று நாம் எழுதினோம். புதையல் கதை நம் கண்ணை எவ்வளவு குறுக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தங்கம் கிடைக்காததால் கதை பொய்யானது என்று நம்பிக்கையாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்ன முறைப்படி தோண்டவில்லை என்றே குறைகூறினர். புதையல் கதையின் வலிமை இங்கேதான் இருக்கிறது. கிடைத்தால் கதை மெய். கிடைக்காவிட்டால் தோண்டியவர்மீது பிழை. எந்த முடிவாலும் பொய்ப்பிக்க முடியாத ஒரு கூற்றை அறிவியல் ஏற்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எப்பாடப்பிரிவை எடுத்துப் படித்தாலும் இந்த ஓர் அளவுகோலை நீங்கள் கைக்கொள்ளலாம்.

இந்த அளவுகோல் இல்லாதவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடி வருகிறார்கள். ‘உங்கள் நிலத்தில் புதையல் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன், பரிகாரத்திற்குப் பணம் கொடுங்கள்’ என்பது நாளிதழ்களில் நாம் அவ்வப்போது படிக்கும் மோசடி. பணத்தை இழந்தவரில் சிலர் வெளியில் சொல்ல அஞ்சுகின்றனர். புதையலை மறைவாக எடுக்கத் தாமும் உடன்பட்டோமே என்னும் கூச்சம் அவர்களைத் தடுக்கிறது. அவர்களது மௌனமே ஏமாற்றுபவருக்கு அரணாகிறது.

ஏரியை உடைத்தவர்கள்

பொன்னைப் பற்றிய கதை நிலத்தையே குலைத்ததற்கு உலகறிந்த சான்று, தென் அமெரிக்காவின் எல் டொராடோ. ஸ்பானிய மொழியில் அதன் பொருள் ‘பொன்பூசப்பட்டவர்’ என்பதாகும். இன்றைய கொலம்பியா நாட்டின் மலைப்பகுதியில் முயிஸ்கா என்னும் மக்கள் வாழ்ந்தனர். அவர்களின் புதிய தலைவர் உடல் முழுவதும் பொற்பொடி பூசிக்கொண்டு, தெப்பத்தில் ஏரியின் நடுவே சென்று, பொன்னையும் மரகதத்தையும் நீரில் இட்டு வழிபடுவார் என்று சொல்லப்பட்டது. குவாட்டவிட்டா ஏரியோடு இச்சடங்கு இணைத்துப் பேசப்படுகிறது. அம்மக்களுக்குப் பொன் என்பது சேர்த்துவைக்கும் செல்வமாக மட்டும் இருக்கவில்லை. தெய்வத்துக்குத் திருப்பித் தரும் காணிக்கையாகவும் இருந்தது.

கடல் கடந்து வந்தவர்கள் இச்செய்தியில் காணிக்கையைக் காணவில்லை. பொன்னை மட்டுமே கண்டனர். 1580களில் ஸ்பானிய வணிகர் ஒருவர் ஏரியின் நீரை வடிக்க அதன் கரையை வெட்டினார். அவ்வெட்டு மலைவிளிம்பில் இன்றும் பெரும் பிளவாகத் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நிறுவனம் ஒன்று சுரங்க வழி அமைத்து ஏரியை வடித்தது. அடியில் இருந்த சேறு வெயிலில் காய்ந்து கல்லைப்போல் இறுகிவிட்டதால் தோண்ட இயலவில்லை. கிடைத்த சில பொருள்கள் செலவை ஈடுகட்டவில்லை. கடைசியில் 1965ஆம் ஆண்டு கொலம்பிய அரசு அந்த ஏரியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது.

கதை மக்களின் வாய்வழியே நடந்து, பொன் பூசிய மனிதர் என்பது பொன்னாலான நகரம் என்று மாறியது. அந்நகரத்தைத் தேடி 1595ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்தார் வால்டர் ராலே. 1617ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவதாக வாக்களித்து மீண்டும் புறப்பட்டார். அப்பயணத்தில் அவருடைய மகன் சண்டையில் இறந்தார். சுரங்கம் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பிய ராலே 1618ஆம் ஆண்டு தலை துண்டிக்கப்பட்டு மாண்டார்.

இக்கதையின் முடிவு வேறோர் இடத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு பாஸ்கா என்னும் ஊருக்கு அருகே உழவர்கள் சிலர் குகையொன்றில் ஒரு சிறு பொற்சிற்பத்தைக் கண்டெடுத்தனர். தெப்பத்தின் நடுவே தலைவரும் அவரைச் சூழ்ந்து ஏவலர்களும் நிற்கும் காட்சி அதில் வடிக்கப்பட்டிருந்தது. நான்கு நூற்றாண்டுகள் பேசப்பட்ட சடங்கை முயிஸ்கா மக்களே வடித்து வைத்த உருவம் அது. உருக்கி விற்றிருந்தால் அதன் விலை ஒரு கைப்பிடிப் பொன்னின் விலைதான். உருக்கப்படாமல் காக்கப்பட்டதால், பொகோட்டா நகரத்துப் பொன் அருங்காட்சியகத்தில் இன்று அது ஓர் இனத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேள்வியும் சோதனையும்

‘கதையை நம்பித் தேடியவர்கள் வென்றதே இல்லையா? கோலார் தங்கவயல் அவ்வாறு கிடைத்ததுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மைசூர் நாட்டில் 1802ஆம் ஆண்டு நில அளவைப் பணியில் இருந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், அப்பகுதி மண்ணில் பொன் இருப்பதாக மக்கள் பேசுவதைக் கேள்வியுற்றார். அவர் அப்பேச்சை அப்படியே நம்பவும் இல்லை; புறந்தள்ளவும் இல்லை. ஊர்மக்கள் கொண்டுவந்த மண்ணைத் தம் கண்முன் கழுவச் செய்து, பொற்றுகள் தென்படுவதைக் கண்டார். கண்டதை எழுதி வைத்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அக்குறிப்பைப் படித்த லவெல் என்பவர் 1870களில் அங்கே சுரங்கம் தோண்ட அனுமதி பெற்றார். கேள்விப்பட்ட செய்தி சோதனையைக் கடந்து, எழுத்தில் பதிவாகி, பிறகே சுரங்கமாயிற்று. கனவை மெய்யென்று கொண்டு தோண்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மேலும், கோலாரில் யாரும் குடம் குடமாகப் பொன்னை அள்ளிவிடவில்லை. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் பொன்னே கிடைக்கும். அப்பாறையைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்திற்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். வெப்பத்திலும் பாறைத்தூசியிலும் உழைத்தனர். பாறை வெடித்துச் சரிந்த நேர்வுகளில் பலர் உயிரிழந்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. பொன்னைப் பூதம் காத்ததாகக் கதை சொல்லும் நாம், பொன்னுக்காக நுரையீரலை இழந்த மனிதரைப் பற்றியும் கதை சொல்லப் பழக வேண்டும்.

தாழிக்குள் இருந்த நெல்

புதையல் தேடுபவர் அழிப்பது எதை என்பதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்றைக் காண்போம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அங்கே கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றில் மண்ணோடு நெல்லும் இருந்தது. அதனை ஆய்வகத்திற்கு அனுப்பிக் கரிமப் பகுப்பாய்வு செய்தபோது, அதன் காலம் கி.மு. 1155 எனத் தெரியவந்தது. பொருநை ஆற்றங்கரையின் பண்பாடு ஏறத்தாழ 3200 ஆண்டுப் பழைமையுடையது என்று 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டதற்கு அந்நெல்லே அடிப்படை.

இப்போது எண்ணிப் பாருங்கள். அத்தாழி ஆய்வாளர் கையில் சேராமல், இரவில் கடப்பாரையோடு வரும் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் தாழியை உடைத்திருப்பார். உள்ளிருந்த மண்ணைக் கொட்டிக் கிளறியிருப்பார். பொன் இல்லை எனக் கண்டு எழுந்து போயிருப்பார். 3000 ஆண்டுகளாக மண் காத்து வைத்திருந்த செய்தி ஒரே இரவில் காற்றோடு கலந்திருக்கும். தாம் எதை அழித்தோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திராது.

பொருள் கிடைப்பது மட்டும் போதாது. அது எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதும் தெரிய வேண்டும். கருக்காக்குறிச்சிக் காசுகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் உரோமப் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அக்காசுகள் பணமாகப் புழங்குவதைத் தடுக்கவே அவ்வாறு வெட்டினர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக வந்த பொன்னைத் தமிழகத்தார் எவ்வாறு கையாண்டனர் என்னும் பெரிய கேள்வி அந்தச் சிறு தழும்பில் அடங்கியிருக்கிறது. பொற்கொல்லர் உலையில் காசு உருகும்போது அக்கேள்வியும் உருகிவிடும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் அதனை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துவழித் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் எவரும் இல்லை என உறுதியானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்தின் உரிமையாளருக்கு நான்கில் ஒரு பங்கும் சேரும். அரசே அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கை இழப்பதோடு, ஓராண்டுவரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நாம் செய்ய வேண்டியவை

‘கண்டெடுத்ததைச் சொன்னால் அரசு எடுத்துக்கொள்ளும், நமக்கு என்ன கிடைக்கும்?’ என்று உழவர் ஒருவர் கேட்டால், அவரைப் பேராசைக்காரர் என்று நான் கருத மாட்டேன். கண்டெடுத்தவருக்கும் பங்குண்டு என்னும் செய்தி அவரை எட்டவில்லை என்பது முதற்குறை. சட்டம் தரும் ஈட்டுத்தொகை பொன்னின் எடையையே அளக்கிறது. அதன் வரலாற்று மதிப்பை அளக்கவில்லை என்பது அடுத்த குறை. கடன் சுமையில் இருக்கும் ஒருவரை நேர்மையாக நடந்துகொள்ளச் சொல்லும் அரசு, அந்நேர்மைக்கு உரிய வெகுமதியைக் காலந்தாழ்த்தாமல் தர வேண்டும். ஈட்டுத்தொகையைக் கணக்கிடும் முறையும் இக்காலத்திற்கேற்பத் திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து. பொருள் காட்சிக்கு வைக்கப்படும் இடத்தில், கண்டெடுத்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட வேண்டும். தம் மண்ணில் கிடைத்த பொருளைத் தம் மாவட்டத்திலேயே காணும் வாய்ப்பு இருந்தால், அதனைக் காக்கும் எண்ணம் ஊராரிடம் தானே வளரும்.

அரசின் கடமை அவ்வளவு என்றால், நம் கடமை எளியது. பெருமழைக்குப் பின் வாய்க்கால் கரையில் தாழியின் விளிம்பு தெரியலாம். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும் பொக்லைன் இயந்திரம் பழஞ்சுவர் ஒன்றைத் தொடலாம். ஏரியில் வண்டல் எடுக்கும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் குவியலாகக் கிடைக்கலாம். அப்போது அவற்றை வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். ஆசிரியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். அவர்கள்வழித் தொல்லியல் துறைக்குச் செய்தி சேரும். பொன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதையே செய்யுங்கள்.

ஊர்க்குன்றின் குகையைக் காக்கும் பூதத்தின் கதைக்கு இப்போது திரும்புவோம். அக்கதையை அடுத்த தலைமுறைக்கும் சொல்லுங்கள், அது நம்முடையது. கதை முடிந்ததும், அக்குன்றின்மேல் உண்மையில் என்ன இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். சிதைந்த கல்வெட்டோ, சமணர் படுக்கையோ, கல்வட்டமோ அங்கே இருக்கக்கூடும். அவற்றைக் காக்கப் பூதம் வரப்போவதில்லை. அவ்வேலை நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.